வண்டியை எடுக்காதீர்கள்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் அத்தானின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீ, உன் வீட்டுக்காரி, குட்டி மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால் "நல்லாருக்கோம்க்கா, சரிக்கா, வைக்கிறேன்க்கா" என்று மூச்சு விடுவதற்குள் முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். இதை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார்.

எங்கள் ஊர்த் தொண்டர் தீயணைப்புக் குழுவுக்கு என்னைத் தலைவி ஆக்கிவிட்டார்கள். மற்ற எல்லோரும் வேண்டாம் என்று கும்பிட்டதால் எனக்கு வந்த பதவி, ரொம்பப் பெருமைப்படாதே. தையல்காரர், மருந்துக்கடைக்காரர், பள்ளி வேன் ஓட்டுகிறவர் என்று பத்துப் பன்னிரண்டு பேர். தண்ணீர் லாரிக்கு டிரைவர் உன் அத்தான். வீட்டில் நான் சொல்வதைக் கேட்காத மனிதர், இனி நிலையத்திலும் கேட்காமல் இருக்கலாம்.

போன வாரம் உன் கம்பெனிக்காரர்கள் வந்து, எங்கள் ஊருக்கு அடியில் போகிற எரிவாயுக் குழாயைப் பற்றிப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி என்றால் ஒரு மண்டபம், ஒரு திரை, திரையில் ஹெல்மெட் போட்டுச் சிரிக்கிற நாலு பேர். பிறகு சாப்பாடு, ஆளுக்கொரு தொப்பி. பக்கத்து ஊர்க் குழுவின் தலைவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தொப்பி வாங்கிக்கொண்டார். "குழாய் வெடிச்சா ஒண்ணு பத்தாதும்மா" என்றார். மண்டபமே சிரித்தது. நான் எழுந்து, "உடைஞ்சா எங்க மூடுவீங்க? மூட எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன். "இலவச எண்ணுக்குக் கூப்பிடுங்க மேடம்" என்றார் அதிகாரி.

அந்த எண் அடிக்கிற அறையில்தானே நீ உட்கார்ந்திருக்கிறாய்? குழாயின் அழுத்தத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பவன் என் கூடப் பிறந்தவன். நீ சொல். உடைந்தால் என்ன ஆகும், நாங்கள் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும்? குழுவில் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்: எனக்குப் பயமாக இருக்கிறது.

குட்டிக்கு என் முத்தம்.
அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அத்தான் மாடிப்படி ஏறாமல் இருந்தாலே முழங்கால் பாதி சரியாகிவிடும் என்று இவள் சொல்லச் சொன்னாள். தலைவி ஆனதற்கு வாழ்த்துகள். சின்ன வயதில் என்னை அதட்டிப் பழகியது வீண்போகவில்லை.

அந்தக் குழாயில் போவது வீட்டு சிலிண்டரில் இருக்கிற அதே வாயுதான். அழுத்தத்தில் திரவமாகப் போகும், வெளியே வந்தால் ஆவியாக விரியும். காற்றைவிடக் கனம் என்பதால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். வெள்ளைப் பனி போலத் தெரியலாம். பெரிய குழாய்களில் வாசனை சேர்க்காமலும் அனுப்புவார்கள், மூக்கை நம்பாதே. ஒரு சின்னப் பொறி போதும். எனவே வண்டியை எடுக்காதீர்கள். ஓடுகிற எஞ்சின்தான் முதல் எதிரி. செல்போனை அணைத்துவிடுங்கள். சுவிட்சைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். காற்று வருகிற திசை பார்த்து மேட்டுக்கு நடங்கள்.

ஏற்கெனவே பற்றி எரிந்துகொண்டிருந்தால் அந்தத் தீயை அணைக்காதீர்கள். அணைத்தால் வாயு மட்டும் சேர்ந்துகொண்டே போய் மொத்தமாக வெடிக்கும். சுற்றியுள்ள வீடுகளை நனைத்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள். எங்கள் வால்வு எதையும் நீங்கள் திருகக் கூடாது.

எவ்வளவு நேரம் என்று கேட்டிருந்தாய். அது பல விஷயங்களைப் பொறுத்தது. குட்டி சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

அன்புடன்,
தம்பி

ஏப்ரல் 9

அன்புத் தம்பிக்கு,

நலமா? எவ்வளவு நேரம் என்று கேட்டால் குட்டி சைக்கிள் ஓட்டுகிறாள் என்கிறாய். ரொம்ப சந்தோஷம். முழங்கை சிராய்ப்புக்கு மருந்து போட்டாயா? இப்போது என் கேள்விக்கு வா.

நீ எழுதியதைக் குழுவுக்குப் படித்துக் காட்டினேன். தலையைத் தலையை ஆட்டினார்கள். புரிந்துவிட்டது என்று நம்பி ஞாயிற்றுக்கிழமை நானே ஒரு ஒத்திகை வைத்தேன். சொல்லாமல் கொள்ளாமல் சைரனை ஒலிக்கவிட்டு, வாசல் கரும்பலகையில் "ஓடைப் பாலத்தருகே வாயுக் கசிவு" என்று எழுதிவைத்து நின்றேன்.

எங்கள் நிலையம் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். பள்ளத்துத் தெருவில், ஓடைக்கரையில். குழாய் போவது அதற்குப் பின்னால். வந்தார்கள் பார், அப்படி ஒரு வேகம். தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு பைக்கில். மருந்துக்கடைக்காரர் கல்லாவைத் திறந்துபோட்டுவிட்டு. உன் அத்தான் லாரியை உறும விட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். எல்லா வண்டியும் எஞ்சின் ஓடிக்கொண்டே பள்ளத்தில் நின்றன. ஆளுக்கு ஆள் செல்போனில், "வந்துட்டேன், நீ எங்க இருக்க?" என்று சத்தம்.

நான் சாக்பீஸை எடுத்து ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு கோடு இழுத்தேன். "என்ன, மார்க்கா?" என்றார் தையல்காரர். "இல்ல. நீங்க செத்துட்டீங்க" என்றேன். சிரித்தார்கள். "நான் செத்துட்டா சாயங்காலம் உனக்கு டீ யாரு போடுவா?" என்று கேட்டார் உன் அத்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சைரன் கேட்டதும் ஓடி வருவதுதான் இந்தக் குழுவின் பெருமை. ஊர் இவர்களை மதிப்பதும் அதற்காகத்தான். அந்த நல்ல பழக்கமே இவர்களை வரிசையாகக் கொண்டுபோய்த் தள்ளும். ஓடி வராதே என்று ஒரு மனிதனுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? எனக்கு உன் கம்பெனியின் உண்மையான பயிற்சி வேண்டும். கருவி வேண்டும், கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும், களத்தில் ஒத்திகை வேண்டும். தொப்பி வேண்டாம். நேரத்தையும் சொல்.

பதிலை எதிர்பார்த்து,
அக்கா

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. உடம்புக்கு ஒன்றுமில்லை, ஷிப்ட் மாறிக்கொண்டே இருந்தது.

நேரத்தைச் சொல்லிவிடுகிறேன், நான் சொன்னதாக எங்கேயும் போய்விடக் கூடாது. உங்கள் பகுதியில் இருக்கிற வால்வுகள் கையால் திருகுகிறவை. இங்கிருந்து பொத்தானை அழுத்தி மூட முடியாது. திருகுகிற ஆள் வேறு ஊரிலிருந்து வர வேண்டும். நல்ல சாலை, நல்ல நேரம் என்றால் ஒன்றரை மணி. மூடிய பிறகும், இரண்டு வால்வுக்கும் நடுவில் இருக்கிற சரக்கு வெளியே வந்துதான் தீரும். அதுவரை அங்கே இருக்கப்போவது நீங்கள் மட்டும்தான்.

ஒத்திகை பற்றிப் பயிற்சிப் பிரிவில் கேட்டேன். இந்த ஆண்டுக்கான பயிற்சி முடிந்துவிட்டதாகக் கணக்கில் இருக்கிறதாம்.

ஓடைப் பக்கம் நடக்கப் போனால் குழாய்க்கு மேலே புல் எப்படி இருக்கிறது என்று பார். எங்காவது திட்டாகக் காய்ந்திருக்கிறதா என்று. சும்மாதான் கேட்கிறேன். விடுமுறைக்கு நீயும் அத்தானும் இங்கே வந்து ஒரு மாதம் இருங்களேன். குட்டி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
தம்பி

மே 30

அன்புத் தம்பிக்கு,

சுகமா? எங்களுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் அல்லாடுகிறது. ஒன்றரை மணி என்று படித்ததும் பஸ் ஏறிவிட்டேன்.

உன் கம்பெனியின் கிளை அலுவலகத்துக்குப் போய் நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கூப்பிட்டார்கள். இங்கிருந்தே மூடுகிற வால்வு வையுங்கள், இரண்டு ஊர்க் குழுவுக்கும் சேர்த்துக் களத்தில் பயிற்சி கொடுங்கள் என்றேன். "வால்வு கையால திருகுறதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. கண் இருக்கிறவர்களுக்கு வால்வின் திருகுச் சக்கரம் தெரியாதா என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் பெயர் என் வாயில் வரவில்லை.

அவர்களை நம்பிப் பயனில்லை என்று நானே ஆரம்பித்துவிட்டேன். வாரத்துக்கு ஒரு நாள் நடைப் பயிற்சி. சைரன் கிடையாது, வண்டி கிடையாது. கசிவு என்றால் பார்த்தவர் நடந்து போய் அடுத்தவர் கதவைத் தட்டுவார், அவர் அடுத்த கதவை. போன் அணைந்திருக்கும். ஊரை மேட்டுத் தெருவுக்கு நடத்திக் கூட்டிப் போக வேண்டும். அவ்வளவுதான் பாடம். அதற்கே ரகளை. "லாரி இல்லாம போறதுக்கு நான் என்ன தபால்காரனா?" என்று உன் அத்தான் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. எங்களைக் கோழை ஆக்கப் பார்க்கிறாய் என்று இரண்டு பேர் விலகிவிட்டார்கள்.

பக்கத்து ஊர் அண்ணன் கேள்விப்பட்டு வந்து வேடிக்கை பார்த்தார். முதலில் கிண்டல் செய்தார், பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்க பசங்களுக்கும் சொல்லிக் குடும்மா. சைரன் கேட்டா மாடு மாதிரி பாய்வானுங்க, நானும் சேத்துதான்" என்றார். முதலில் என் ஆட்கள் நடக்கப் பழகட்டும், பிறகு வருகிறேன் என்றேன்.

புல் இந்த வெயிலில் எல்லா இடத்திலும்தான் காய்ந்திருக்கிறது. எதற்குக் கேட்டாய்?

அக்கா

ஜூலை 2

தம்பிக்கு,

நலம் விசாரிக்கக்கூடக் கை வரவில்லை. போன கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. போனில் கூப்பிட்டால் "எழுதுறேன்க்கா" என்கிறாய். உன் வீட்டுக்காரியிடம் பேசினேன். நீ தூங்குவதே இல்லை, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருக்கிறாய் என்று அழுதாள். கம்பெனியில் ஏதாவது சண்டையா என்றேன். தெரியாதாம்.

உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். நீ புல்லைப் பற்றிச் சும்மா கேட்கிற ஆள் இல்லை. வாழ்நாளில் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாயா? ஓடைக்கரைக்கு மறுபடி போனேன். மழை பெய்து எல்லாம் பச்சை பிடித்துவிட்டது. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு திட்டு மட்டும் பழுப்பாக இருக்கிறது, பாய் விரிக்கிற அளவுக்கு. இலவச எண்ணுக்குச் சொன்னேன். ஒருவர் வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, யாரோ குப்பை எரித்திருப்பார்கள் என்று போய்விட்டார்.

மழுப்பாமல் எழுது. எனக்குத் தெரிய வேண்டும்.

அக்கா

ஜூலை 15

அக்கா,

உடம்பைப் பார்த்துக்கொள். நான் நலமில்லை, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

சில மாதங்களாக உங்கள் பகுதியில் உள்ளே போகிற அளவுக்கும் வெளியே வருகிற அளவுக்கும் ஒரு சின்ன வித்தியாசம். கம்ப்யூட்டர் விட்டுக்கொடுக்கிற எல்லைக்குள்தான் இருக்கிறது, எச்சரிக்கை மணி அடிக்காது. அளவுக் கருவியின் கோளாறு என்றால் ஒரு நாள் கூடவும் ஒரு நாள் குறையவும் காட்ட வேண்டும். இது குறைவாகவே காட்டுகிறது, ஒரு நாளும் கூடியதில்லை. எங்கேயோ கசிகிறது. மண்ணுக்குள் வாயு கசிந்தால் மேலே புல் நீ சொன்ன மாதிரித்தான் திட்டாகக் காயும்.

மேலதிகாரியிடம் சொன்னேன். கருவியைத் துடைத்து மாட்டினார்கள். மறுபடி சொன்னேன். "உனக்கு அந்த ஊர்ல சொந்தக்காரங்க இருக்காங்கல்ல, அதான் அப்படித் தோணுது" என்றார். பிறகு என்னை வேறு பகுதியின் திரைக்கு மாற்றினார்கள். ஆள் பற்றாக்குறை என்று திரும்பவும் உங்கள் திரைக்கே கொண்டுவந்தார்கள். நான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் அக்கா.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். குழுவிலிருந்து விலகிவிடு. அத்தானைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு.

தம்பி

ஜூலை 19

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் அத்தான் வந்து தண்ணீர் கொடுத்தார்.

என்னைப் பெட்டி கட்டச் சொல்கிறாய். தையல்காரர் எங்கே பெட்டி கட்டுவார்? அவர் வீடு அந்தப் பழுப்புத் திட்டிலிருந்து கூப்பிடு தூரம். அவர் வீட்டில் எழுந்து நடக்க முடியாத அம்மா இருக்கிறார். பள்ளத்துத் தெருவில் எத்தனை வீடு என்று உனக்குத் தெரியாதா, நீ பம்பரம் விட்ட தெருதானே? உன் அக்கா மட்டும் பிழைத்தால் போதுமா உனக்கு? இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாயே என்று நினைத்தால் உன்னை அறைய வேண்டும் போல இருக்கிறது. அறைந்துவிட்டு அழுவேன், அது வேறு.

எனக்கு ஒன்றே ஒன்று செய். நீ எனக்கு எழுதியதை நகரசபைக்கு எழுதிக் கையெழுத்துப் போடு. இரண்டு வரி போதும். அதை வைத்துக்கொண்டு குழாயை நிறுத்திச் சோதிக்கச் சொல்லிச் சண்டை போடுவேன். நான் சொன்னால் "பொம்பளை புல்லைப் பாத்துட்டு வந்து கத்துறா" என்பார்கள். அந்த அறையில் இருப்பவன் சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும். மூத்தவள் தம்பி காலில் விழக் கூடாது என்பார்கள். எதிரில் இருந்திருந்தால் விழுந்திருப்பேன்.

அக்கா

ஆகஸ்ட் 10

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்கும் உனக்கும் உடம்பு எப்படி இருக்கிறது?

நீ சொன்ன இரண்டு வரியை எழுதினேன். கையெழுத்துப் போடுகிற இடத்தில் பேனா நின்றுவிட்டது. நாங்கள் இருப்பது கம்பெனி வீடு. வேலை போனால் அன்றைக்கே தெருதான். வழக்கு வேறு போடுவார்கள். நான் நினைப்பது தப்பாக இருந்துவிட்டால் என்ன செய்வது? அடுத்த மாதக் கடைசியில் குழாய்க்குள் சோதனைக் கருவி அனுப்பப்போகிறார்கள். அது ஓட்டையைக் காட்டிவிடும். அப்போது என் கையெழுத்தே வேண்டியிருக்காது. அதுவரை மட்டும் பொறு.

ஒன்று உறுதியாகச் சொல்கிறேன். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். துளி ஆடினாலும் முதல் போன் உனக்குத்தான். கம்பெனிக்குச் சொல்வதற்கு முன்னால் உனக்குச் சொல்வேன். அதை நம்பு.

தம்பி

செப்டம்பர் 6

தம்பிக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். போனில் அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மற்றதை எழுதத்தான் முடிகிறது.

அன்று மதியம் தையல்காரர் அம்மாவுக்குச் சோறு ஊட்டிவிட்டுக் கை கழுவக் கொல்லைக்குப் போயிருக்கிறார். ஓடைக்கரையில் வெள்ளையாகப் படர்ந்து கிடந்திருக்கிறது, வெயில் நேரத்தில். அவர் கத்தவில்லை. அடுத்த கதவைப் போய்த் தட்டினார். பிறகு அந்த அம்மாவை முதுகில் சுமந்துகொண்டு நடந்தார். நான் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் நடந்தது தம்பி. ஒரு சைரன் இல்லை, ஒரு வண்டி எடுக்கவில்லை. எல்லோருடைய போனும் அணைந்திருந்தது. மருந்துக்கடைக்காரர் கடையின் விளக்கைக்கூடத் தொடாமல் அப்படியே வெளியே வந்தார். உன் அத்தான் லாரிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டு, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, ஆணியில் மாட்டிவிட்டு அந்த முழங்காலோடு மேடு ஏறினார். அவர் கர்வத்தை அங்கே தொங்கவிட்டு வந்தது எனக்குத்தான் தெரியும். பள்ளத்துத் தெரு மொத்தமும் மேலே வந்துவிட்டது. கைக்குழந்தைகள், படுக்கையில் கிடந்தவர்கள், எல்லோரும். கீழே பார்த்தால் வெள்ளை ஜன்னல் உயரத்துக்கு ஏறியிருந்தது. வேன்காரரை மேட்டுக்கு அப்பால் நடந்து போய் இலவச எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லி அனுப்பியிருந்தேன்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு நேரம் இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

இரண்டு சாலையை ஆள் வைத்து மறித்தாயிற்று. பக்கத்து ஊரிலிருந்து வருகிற மூன்றாவது சாலைக்குத் தையல்காரர் போய்க்கொண்டிருந்தார். நடந்து போய்க்கொண்டிருந்தார். நடக்கத்தானே சொல்லிக்கொடுத்திருந்தேன். அப்போது சைரன் கேட்டது. அண்ணனின் லாரி, பின்னால் பைக்குகள். நாங்கள் மேட்டிலிருந்து கத்தினோம், துண்டை வீசினோம், புடவைத் தலைப்பை வீசினோம். அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி எங்களைப் பார்த்தார். வந்துவிட்டேன் என்பது போலத் திருப்பிக் கையை ஆட்டினார். லாரி சரிவில் இறங்கியது.

அண்ணனோடு சேர்த்து, அந்த லாரியிலும் பைக்கிலும் வந்த ஆறு பேர். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

வால்வு திருகும் ஆள் வந்து சேர்ந்தபோது நிலையமும் இல்லை, தெருவும் இல்லை. உள்ளூர்க் குழுக்கள் விதிமுறையை மீறி வாகனத்தோடு நுழைந்ததே உயிரிழப்புக்குக் காரணம் என்று உன் கம்பெனி அறிக்கை விட்டிருக்கிறது. அண்ணன் தலையில் கட்டிவிட்டார்கள்.

அண்ணனின் மனைவியைப் பார்க்கப் போனேன். அவர் சட்டை மாட்டிக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டாராம். யாரோ ஒருவன் அழுதானாம். "எங்க அக்கா உள்ள இருக்கா, யாருமே போன் எடுக்கல, சீக்கிரம் போங்கண்ணே, பறந்து போங்க" என்றானாம். யார் என்று என்னைக் கேட்டாள். ஊரில் எத்தனையோ பேருக்கு அக்கா இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன்னை நான் எதுவும் கேட்கவில்லை.

அக்கா

செப்டம்பர் 17

அக்கா,

நான்தான்.

திரையில் அழுத்தம் சரிந்த உடனே உனக்குக் கூப்பிட்டேன். அணைந்திருந்தது. அத்தானுக்குக் கூப்பிட்டேன். அணைந்திருந்தது. நிலையத்துப் போன் அடித்துக்கொண்டே இருந்தது. போனை அணைக்கச் சொன்னவனும் நான், போனில் முதலில் கூப்பிடுவேன் என்று சத்தியம் செய்தவனும் நான். இரண்டும் ஒன்றோடு ஒன்று முட்டும் என்பது எனக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை. எல்லோரும் பள்ளத்திலேயே விழுந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். அறையை விட்டு வெளியே ஓடி என் சொந்தப் போனிலிருந்து, குழுத் தலைவர்கள் பட்டியலில் இருந்த அண்ணனின் எண்ணைக் கூப்பிட்டேன். வேன்காரரின் அழைப்பு வந்தபோது நேரம் கடந்துவிட்டது.

உனக்கு முதல் கடிதத்திலேயே எழுதினேன், வண்டியை எடுக்காதீர்கள் என்று. அந்த ஒரு வரியை அவரிடம் சொல்லவில்லை. பறந்து போங்க என்றேன்.

இங்கே யாருக்கும் தெரியாது. விசாரணையில் எங்களிடம் கேட்டது அறைக்குள் பதிவான அழைப்புகளைப் பற்றி மட்டும்தான். குழாயின் அளவுகளைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. குட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறேன். நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன் அக்கா.

தம்பி

செப்டம்பர் 22

தம்பிக்கு,

நேரத்துக்குச் சாப்பிடு. இதை அக்காவாகச் சொல்கிறேன். மற்றதை எந்த முகத்தோடு சொல்வது என்று தெரியாமல்தான் இந்தச் சில நாளும் போயின.

உன் கடிதத்தை உன் அத்தான் படித்தார். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். உன்னைத் திட்டினாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அண்ணன் என்னிடம் வந்து சொல்லிக் குடும்மா என்று கேட்டார், நான் பிறகு வருகிறேன் என்றேன். அது என் பங்கு. தூக்கத்தில் அந்தக் கை ஆடுகிறது. உன்னை மன்னிக்கிற இடத்தில் நான் இல்லை.

அண்ணனின் குழுவில் அன்று லாரியில் ஏறாமல் தப்பியவர்கள் நாலு பேர். அவர்கள் மறுபடி சேர்கிறார்கள். அண்ணனின் மனைவியும் பெயர் கொடுத்திருக்கிறாள். என் ஆட்களும் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூடத்து மண்டபத்தில் முதல் பாடம். கம்பெனிக்காரர்களும் விசாரணை அதிகாரியும் முன்வரிசையில் உட்காரப் போகிறார்களாம், படம் எடுத்துக்கொள்ள.

நேற்று அண்ணனின் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும் அக்கா. அன்னிக்கு அந்தப் போன்ல என்ன சொல்லியிருந்தா அவர் நின்னிருப்பார்? அதைத்தான் முதல்ல எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றாள்.

பதில் எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நீ. வந்து அந்த மண்டபத்தில் நின்று, அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அதைச் சொன்ன வாயால் அந்த அளவுகளையும் சொல், முன்வரிசைக்குக் கேட்கிற மாதிரி. நடுவில் உன்னால் முடியாமல் போனால் நான் பக்கத்தில்தான் நிற்பேன், ஆனால் உனக்குப் பதிலாகப் பேச மாட்டேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் ஏறு. குட்டியைக் கூட்டி வராதே. நீ மட்டும் வா.

அக்கா